புன்னைக்காயல் பல்கலைக்கழகம்: கோப்பு நிலுவையில்

நான் படித்த கல்லூரியில் எம்.எஸ்சி. தொடங்க அனுமதி தருவதற்காக ஆய்வுக்குழு வந்த அன்று காலை, தாவரவியல் துறையின் பன்னிரண்டு மைக்ராஸ்கோப்புகள் விலங்கியல் துறைக்குக் குடிபெயர்ந்தன. குழுவினர் விலங்கியலைப் பார்த்து முடித்துக் காபி குடிக்க உட்கார்ந்ததும், அதே பன்னிரண்டும் பின்வாசல் வழியாகத் தாவரவியலுக்குத் திரும்பின. அங்கேயும் ஒரு எம்.எஸ்சி. கேட்டிருந்தோம். தூக்கிச் சுமந்தவர்களில் நானும் ஒருவன். குழுவில் மெலிந்த தேகம் கொண்ட ஒரு பேராசிரியர் தாவரவியல் கூடத்தில் ஆறாவது மேசைக்கு முன்னால் நின்றுவிட்டார். "இதை எங்கேயோ பார்த்திருக்கேனே" என்றார். கைப்பிடியில் பெயின்ட் உரிந்து, பார்த்தால் மறக்காத மைக்ராஸ்கோப்பு அது. "ஒரே கம்பெனி சார்" என்றார் எங்கள் துறைத்தலைவர், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல். பேராசிரியர் சிரித்தார். ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். தூத்துக்குடி மக்ரூனை வாயில் வைத்தவர்கள் உடனே பேச முடியாது. கரையும்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் அடுத்த அறைக்கு வந்துவிட்டோம்.

இந்த மாதிரிக் கூத்தெல்லாம் நம் காலத்துச் சரக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை. எங்கள் தூத்துக்குடிக் கரையிலிருந்து உயர்கல்விக்குப் போன முதல் கோரிக்கை 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதுவும் சாதாரணக் கோரிக்கை இல்லை. தமிழுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று கேட்டது. கேட்டவர் தமிழர் இல்லை.

அவர் பெயர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். நம்மூரில் அண்டிரிக் அடிகளார். 1520-இல் போர்ச்சுக்கல் நாட்டு விலா விசோசாவில் பிறந்தவர். இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் முன்பே சான்றிதழ் சரிபார்ப்பில் அடிபட்டவர். குடும்பம் யூத வம்சாவளி. அந்தக் காலப் போர்ச்சுக்கலில் அது ஒரு பெரிய குறை. பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்த மனிதரை, பூர்வீகத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு, 'நீ வேண்டாம்' என்று வெளியே அனுப்பினார்கள். பிறகு 1545-இல் கோயிம்பராவில் இயேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. (கோயிம்பரா வேறு, கோயம்புத்தூர் வேறு. கோயம்புத்தூருக்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது, பிறகு வருவோம்.) 1546-இல் கோவா, 1547-இல் முத்துக்குளித்துறை. தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னைக்காயலில் வந்து இறங்கினார்.

அவருக்கு முன்னால் 1542-இல் வந்தவர் பிரான்சிஸ் சவேரியார். மகான்தான், சந்தேகமில்லை. ஆனால் தமிழ் தெரியாது. இரண்டு பாஷையும் அரைகுறையாகத் தெரிந்த உள்ளூர்க்காரர்களை உட்காரவைத்து ஜெபங்களை மொழிபெயர்க்கச் சொல்லி, மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சொல்லிக்கொடுத்தார். நம்மூர்ப் பரீட்சை முறைக்கு முன்னோடி. அர்த்தம் தெரியவேண்டாம், வரிசை தப்பாமல் வந்தால் போதும். பின்னால் சவேரியாரே தவற்றைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார்: 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்தது. கடற்கரை முழுக்க மக்கள் கைகூப்பி 'நம்புகிறேன்' என்று சொல்வதாக நினைத்துக்கொண்டு, 'வேணும், வேணும்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இந்தக் கரையிலிருந்து மேலிடத்துக்குப் போன முதல் கூட்டுக் கோரிக்கை மனு அதுதான் என்பேன். என்ன வேணும் என்று மனுவில் குறிப்பிடவில்லை. அதனால்தான் இன்றுவரை எதுவும் சரியாகக் கிடைக்கவில்லையோ என்னவோ.

ஹென்றிக்கஸ் ஒரு காரியம் செய்தார். துபாஷியைத் தூர வைத்துவிட்டு, தானே உட்கார்ந்து தமிழ் படித்தார். இரண்டு வருஷத்தில், 1549-இல், ஓர் இலக்கணமே எழுதிவிட்டார். லத்தீன் இலக்கணத்தைப் படித்த ஆள், அந்தச் சட்டத்துக்குள் தமிழ் வினைச்சொல்லைப் பிடித்துப் பிடித்து அடைத்தார். நூலின் தலைப்பில் தமிழ், 'மலபார் மொழி' என்று இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் அப்படித்தான் சொல்வார்கள். ஆபீஸ் பதிவேட்டில் நம் பெயரைத் தப்பாக ஏற்றிவிட்டு, பிறகு நம்மிடமே அத்தாட்சி கேட்கிற வழக்கத்துக்கு எத்தனை வயது பாருங்கள்.

அதோடு நிற்கவில்லை. கூட இருந்த பாதிரியார்கள் தங்களுக்குள் தமிழில்தான் பேசிக்கொள்ளவேண்டும், தவறினால் தண்டனை என்று ஒரு ஏற்பாடு. இன்றைக்கு நம்மூரில் தமிழ் பேசினால் அபராதம் போடுகிற பள்ளிக்கூடங்களுக்கு ஃபீஸ் கட்டி அனுப்புகிறோம். அன்றைக்குப் புன்னைக்காயலில் போர்ச்சுக்கீசியன், போர்ச்சுக்கீசியனோடு போர்ச்சுக்கீசியம் பேசினால் தண்டனை. உப்புக்காற்றில் வேர்த்து வழிந்துகொண்டு, 'நேற்று வந்தேன், நாளைக்கு வருவேன்' என்று இரண்டு வெள்ளைக்காரர்கள் தட்டுத்தடுமாறுவதைத் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த புன்னைக்காயல்காரர்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

இந்தச் சூட்டில்தான் 1560-களை ஒட்டி அவருக்கு அந்த யோசனை வந்தது. மன்னாரிலோ புன்னைக்காயலிலோ ஒரு தமிழ்ப் பல்கலைக்கழகம்.

இந்த 'இதிலோ அதிலோ' என்கிற இடத்திலேயே விஷயம் தெரிந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிடுவார்கள். கோரிக்கையில் இடம் ஒன்றுதான் இருக்கவேண்டும். இரண்டு இடம் எழுதினால் இரண்டுக்கும் தடையில்லாச் சான்றிதழ் கேட்பார்கள். ஹென்றிக்கஸைக் குறை சொல்லவும் முடியாது. 1553-இல் புன்னைக்காயலுக்குள் படை புகுந்து போர்ச்சுக்கீசியரைச் சிறைபிடித்தது. மதுரை நாயக்கர் பக்கத்து வடுகர் படையின் தொல்லை தீராததால், 1560-இல் போர்ச்சுக்கீசியர் மன்னாரைப் பிடித்ததும் பரதவர் பலரை அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். மாணவர் இருக்கிற இடத்தில் கல்லூரி வைக்கவேண்டும். மாணவரே தோணியில் இருந்தால் என்ன செய்வது?

இன்றைய விண்ணப்பப் படிவத்தில் அந்தக் கோரிக்கையை நிரப்பிப் பார்த்தேன். துறைகளின் எண்ணிக்கை: 1. பேராசிரியர்: 1, விண்ணப்பதாரரே. நூலக இருப்பு: கையெழுத்துப் பிரதி 1, எழுதியவர் மேற்படியார். அச்சுப் புத்தகம்: 1554-இல் லிஸ்பனில் அடித்த ஜெபப்புத்தகம் ஒன்று உண்டு. மொழி தமிழ், எழுத்து ரோமன். அதாவது தமிழ் தெரிந்தவனுக்கு எழுத்து தெரியாது, எழுத்து தெரிந்தவனுக்குத் தமிழ் தெரியாது. பாடநூல் என்ற சொல்லுக்கு இன்றைக்கும் பொருந்துகிற இலக்கணம். ஆய்வகம்: கடல். விடுதி: ஓலை. சுற்றுச்சுவர்: இல்லை, படை வந்தபோது தெரிந்துகொண்டோம். வேலைவாய்ப்பு: மோட்சம்.

நிதி ஆதாரம் என்ற கட்டத்தில் மட்டும் தயங்காமல் எழுதலாம். முத்து. அப்போது இந்தக் கரையில் எது நடந்தாலும் மூழ்கி எடுத்த பணத்தில்தான் நடந்தது. ஊர்த் தலைவரான பட்டங்கட்டியிடம் சாமி இந்தத் திட்டத்தை எப்படிச் சொல்லியிருப்பார் என்று கற்பனை செய்து பார்க்கிறேன். என் கற்பனைதான், ஆவணம் கேட்காதீர்கள்.

"பல்கலைக்கழகம்னா என்ன சாமி?"

"பெரிய பள்ளிக்கூடம்."

"நம்ம பிள்ளைக படிக்குமா?"

"பிறகு படிக்கும். முதல்ல எங்க சாமிமார் தமிழ் படிக்கணும்."

"அப்ப எங்க பணத்துல, உங்க ஆளுகளுக்கு, எங்க பாஷை."

"ஆமா."

"வாத்தியார் யாரு?"

"நீங்கதான் ஆள் தரணும்."

"சம்பளம்?"

சாமி கடலைப் பார்த்தார். பட்டங்கட்டியும் பார்த்தார். காற்று தென்கிழக்கே இருந்தது.

சரி, மேலிடம் எது? புன்னைக்காயலுக்கு மேலே கோவா. கோவாவுக்கு மேலே லிஸ்பன். சபை விவகாரம் என்றால் ரோம். லிஸ்பனிலிருந்து கப்பல் வருஷத்துக்கு ஒரு தடவை, மார்ச் வாக்கில் கிளம்பும். காற்றும் கடவுளும் ஒத்துழைத்தால் செப்டம்பரில் கோவா. திரும்பிப் போவதற்கு அடுத்த பருவக்காற்று வேண்டும். ஆக, 'பார்வையில் காணும் கடிதத்துக்கு விளக்கம் தருக' என்று மேலே ஒருவர் ஒற்றை வரி எழுதினால், கேள்வியும் பதிலும் போய்வர இரண்டு வருஷம். 'இணைப்பு காணப்படவில்லை' என்றால் இன்னும் இரண்டு. கப்பலே காணப்படவில்லை என்ற கட்டமும் உண்டு. இன்றைக்குத் துறையில் தயாரித்த பாடத்திட்டம் பாடத்திட்டக் குழு, கல்விசார் நிலைக்குழு, ஆட்சிக்குழு என்று மூன்று படி ஏறுகிறது. அவசரத்துக்கு மின்னஞ்சல் இருக்கிறது, ஒரு நொடியில் போய்விடும். அதற்கும் இரண்டு வருஷம்தான் ஆகிறது. கப்பலின் பெயரைக் கெடுத்துவிட்டோம்.

பல்கலைக்கழகம் வரவில்லை.

அச்சு வந்தது. அதுவும் நேரே வரவில்லை. எத்தியோப்பியாவுக்கு என்று அனுப்பிய அச்சு இயந்திரம் 1556-இல் வழியில் கோவாவில் இறங்கியது, அங்கேயே தங்கிவிட்டது. அனுப்பிய சாமான் வேறு ஊரில் இறங்கினால்தான் நமக்கு நல்லது நடக்கும் போலிருக்கிறது. இந்தியாவில் அச்சு அப்படித்தான் தொடங்கியது. தமிழ் எழுத்துகளை வார்த்து, 1578 அக்டோபர் 20-ஆம் தேதி, கொல்லத்தில், 'தம்பிரான் வணக்கம்' அச்சாகி வெளிவந்தது. 16 பக்கம். இந்திய மொழி ஒன்று தன் சொந்த எழுத்தில் ஏறிய முதல் அச்சுப் புத்தகம். மொழிபெயர்த்தவர் நம்முடைய ஹென்றிக்கஸ். பணம் முத்துக்குளித்துறைப் பரதவருடையது. அச்சான ஊர் கொல்லம். இன்றைக்குப் பிரதி இருப்பது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். முத்து எடுத்தவன் ஒருவன், பட்டியலில் ஏற்றியவன் ஒருவன், அலமாரியில் வைத்துப் பூட்டியவன் ஒருவன். இந்தச் சூத்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாலு நூற்றாண்டுக்கு மாறவில்லை.

அந்த 1549 இலக்கணம்? லிஸ்பன் நூலகத்தில் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1982-இல் பதிப்பாக வந்தது. 433 வருஷம். 'கட்டுரை பரிசீலனையில் உள்ளது' என்று ஆறு மாதமாக மெயில் வருகிறதே என்று புலம்புகிற ஆராய்ச்சி மாணவர்கள் இந்த எண்ணைப் பர்ஸில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அதற்கு முந்தின வருஷம், 1981-இல், தமிழுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வந்தே விட்டது. மன்னாரில் இல்லை, புன்னைக்காயலிலும் இல்லை. தஞ்சாவூரில். ஹென்றிக்கஸ் யோசனையிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 420 வருஷம். இந்த எண்ணைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் மேலிடத்துக்காரர்களை நான் கொஞ்சம் மன்னிக்கத் தயார். அனுமதி தருகிற கலையை அவர்கள் இந்தக் கரையில்தான் கற்றிருக்கவேண்டும். ஆசிரியர், முத்துச்சிப்பி.

வெள்ளைக்காரன் காலத்தில் சிப்பி குளிக்க அனுமதி எப்படி வரும் தெரியுமா? கடலுக்கடியில் சிப்பி ஒட்டியிருக்கும் பாறைத்திட்டுக்குப் 'பார்' என்று பெயர். ஒவ்வொரு பாருக்கும் தனிப் பெயர் உண்டு. தொலையிரம் பார் என்று ஒன்று, கேட்டாலே மூச்சு முட்டும். சர்க்கார் படகு போய் பாரைப் பார்வையிடும். குளிகாரர்கள் மூழ்கி மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்துவருவார்கள். அதை எண்ணி, வயதைக் குறித்து, கரையில் போட்டு அழுகவிடுவார்கள். சிப்பி அழுகுகிற நாற்றம் என்பது ஒரு தனி அனுபவம். நாலு நாள் வரை மனிதன் தாங்குவான், ஐந்தாம் நாள் அவனே சிப்பியாகிவிடுவான். அழுகியதைக் கழுவி, அலசி, முத்தைப் பொறுக்கி, பித்தளைச் சல்லடைகளில் போட்டுச் சலிப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்துச் சல்லடை. முதல் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1000. அளவு பிரித்தபின் உருட்சி, ஒளி பார்த்துத் தரம் போடுவார்கள். உச்சியில் ஆணி, அடியில் தூள். இன்றைக்குக் கல்லூரிகளுக்கு ஏ பிளஸ் பிளஸ் என்று போடுகிறார்களே, அதன் பாட்டி. என்ன, அந்தக் காலத்தில் தூளைத் தூள் என்று எழுதுகிற தைரியம் இருந்தது.

மாதிரிக்கு என்ன விலை தேறும் என்று கணக்குப் போட்டபிறகுதான் இந்த வருஷம் குளிப்பு உண்டா இல்லையா என்று அறிவிப்பு வரும். சிப்பிக்கு நாலு வயதாவது ஆகவேண்டும். மூன்று என்றால், 'முதிர்ச்சி போதாது, அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்.' அடுத்த ஆண்டு போனால் பாரில் ஒரு சிப்பி இருக்காது. திருக்கை தின்றிருக்கும், அல்லது மணல் மூடியிருக்கும், அல்லது ஒரு காரணமும் இல்லாமல் காணாமல் போயிருக்கும். ரொம்பக் காத்திருந்தாலும் ஆபத்து, ஆறேழு வயதில் சிப்பியே செத்துவிடும், முத்து மணலோடு மணல். 1955-இல் ஆரம்பித்து 1961 வரை வரிசையாகக் குளிப்பு நடந்தது. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு தூத்துக்குடிக்கு 'முத்துநகர்' என்ற பெயர் ரயிலில் ஓடுகிறது.

புதிய படிப்புக்கு ஆய்வுக்குழு அனுப்புவதை நான் எப்போது பார்த்தாலும் எனக்கு அந்தப் படகுதான் ஞாபகம் வரும். மைக்ராஸ்கோப்பு சுமந்த எங்கள் கல்லூரியிலும் நடந்தது அதுவே. அனுமதி கடைசியில் வந்தது. வந்தபோது அந்தப் பாடத்தை நடத்தவேண்டிய பேராசிரியர் ஓய்வு பெற்றுப் பேரனைப் பார்க்கப் போயிருந்தார்.

ஹென்றிக்கஸுக்கு முந்நூறு வருஷம் கழித்து இன்னொரு வெள்ளைக்காரத் தமிழ் இலக்கணக்காரர் தூத்துக்குடிக்கு வந்தார். ராபர்ட் கால்டுவெல். 1856-இல் ஒப்பிலக்கணம் எழுதித் திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவியவர். அந்தப் புத்தகத்தால் தமிழ்நாட்டில் எத்தனை கட்சிக்கு வயிறு நிறைந்தது என்று அவருக்குத் தெரியாது. வாழ்நாளில் பெரும்பகுதி இடையன்குடித் தேரிமணலில் கழித்துவிட்டு, வயதான காலத்தில் ஆயராகி, 1883-இல் தூத்துக்குடிக்கு வந்தார். வரும்போது கல்லூரியையும் தூக்கிக்கொண்டு வந்தார். சாயர்புரத்தில் ஜி.யு. போப் 1840-களில் ஆரம்பித்த செமினரி வளர்ந்து கல்லூரியாகி இருந்தது. போப் திருக்குறளையும் பிரம்பையும் ஒரே கையால் பிடித்தவர் என்பார்கள். அந்தக் கல்லூரி தூத்துக்குடிக்கு வந்து கால்டுவெல் கல்லூரி ஆனது. துறைமுகப் பட்டணம், புதிதாக ரயில், படித்த பையன்கள் வேண்டியிருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. 1891-இல் கால்டுவெல் காலமானார். கொஞ்ச வருஷத்தில் கல்லூரியும் அவர் பின்னாலேயே போனது. அதே காலத்தில் ஊருக்கு வந்த ஹார்வி பஞ்சாலை மட்டும் ஜோராக ஓடியது. பஞ்சாலைக்குப் பாடத்திட்டக் குழு கிடையாது. இன்றைக்குக் கால்டுவெல் பெயரில் ஊரில் இருப்பது மேல்நிலைப்பள்ளி. பள்ளி கல்லூரியாக உயர்ந்த கதை ஊருக்கு ஊர் உண்டு, இறங்கிவந்த கதைக்கு எங்களிடம் வாருங்கள்.

மறுபடி ஒரு கல்லூரி நிலைக்க 1948 ஆனது. அந்த வருஷம் பெண்களுக்குப் புனித மரியன்னை கல்லூரி, 1951-இல் வ.உ.சி. கல்லூரி. அந்த வ.உ.சி. கல்லூரியின் பயணத்தைக் கேளுங்கள். 1951-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தது. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குப் போனது. 1990-இல் மனோன்மணியம் சுந்தரனாருக்கு வந்தது. கட்டடம் ஒரு அடி நகரவில்லை. ஒரே பெஞ்சில் தாத்தா, மகன், பேத்தி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தால், பட்டத்தில் மூன்று முத்திரை. சுந்தரனாராவது நம்மூர்க்காரரா என்றால், அவர் பேராசிரியராக இருந்தது திருவனந்தபுரத்தில். ஆலப்புழையில் பிறந்து பெரும்பாலும் மலையாளச் சீமையிலேயே வாழ்ந்தவர். பொருநைக்கரைக்குப் பல்கலைக்கழகம் தந்தபோதும் பெயர்ப்பலகை மலைக்கு அந்தப்பக்கத்திலிருந்துதான் வந்தது.

இடையில் தூத்துக்குடி மறைமாவட்டத்துக் குருவானவர் ஒருவர், சேவியர் தனிநாயகம் அடிகள், 1952-இல் இங்கிருந்து 'தமிழ் கல்ச்சர்' என்று ஓர் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். உலகத்தின் நூலகங்களைக் குடைந்து, ஹென்றிக்கஸ் காலத்துத் தமிழ் அச்சுப் புத்தகங்களைப் பற்றி நமக்கே எடுத்துச் சொன்னவரும் அவர்தான். ஒரு பல்கலைக்கழகத் துறை செய்யவேண்டிய வேலையை அனுமதி கேட்காமலே செய்துவிட்டார். அவருக்கு நாற்காலி போட்டது கோலாலம்பூர். முதல் உலகத் தமிழ் மாநாடும், 1966-இல், அங்கேதான்.

இப்போது மீனுக்கு வருவோம். கோயம்புத்தூரும் இங்கேதான் வருகிறது.

1977-இல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி வந்தது. மூவாயிரம் வருஷமாக மீன் பிடிக்கிற ஊருக்கு மீன் படிப்பு வந்ததில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் அதை எந்தப் பல்கலைக்கழகத்தோடு சேர்ப்பது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கோயம்புத்தூர். கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் ஓர் ஊர் இருக்கமுடியுமோ அவ்வளவு தூரம். அரசாங்கத்தின் கணக்கில் மீன் ஒரு பயிர். நெல், கரும்பு, வாழை, வஞ்சிரம். பன்னிரண்டு வருஷம் மீன் பயிராகவே இருந்தது. 1989-இல் சென்னையில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிறந்ததும் கல்லூரியைத் தூக்கி அதற்குக் கீழே வைத்தார்கள். மீன் கால்நடையானது. காலும் இல்லை, நடையும் இல்லை. ஆனால் அரசாணை இருந்தது. எருமைக்கும் சீலாவுக்கும் ஒரே துணைவேந்தர். இருபத்துமூன்று வருஷம் அந்தத் தொழுவத்தில் நின்றது. 2012-இல்தான் மீன் மீன்தான் என்று முடிவாகி, தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் உதயமானது. பட்டாசு வெடிக்கத் திரியைக் கிள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் தலைமையிடம் எது என்று செய்தி வந்தது. நாகப்பட்டினம்.

நாகப்பட்டினத்துக்காரர்கள் கோபிக்கவேண்டாம். உங்கள் ஊரிலும் கடல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கோயம்புத்தூரை விட முன்னேற்றம்தான்.

முத்தின் கதையையும் சொல்லி முடித்துவிடுகிறேன். 1961-க்குப் பிறகு கடல் முத்து தருவதை நிறுத்திக்கொண்டது அல்லவா? தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடை என்ற ஊரில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் சின்ன ஆய்வகத்தில், கே. அழகர்சாமி என்ற விஞ்ஞானி சிப்பிக்குள் கரு வைத்து, 1973 ஜூலையில் முழு உருண்டையாக வளர்ப்பு முத்து எடுத்துக்காட்டினார். ஜப்பான்காரன் பொத்திப்பொத்தி வைத்திருந்த வித்தை. உப்பளத்துக்குப் பக்கத்தில், வேப்பலோடையில். 1981-இல் அதே நிறுவனத்துத் தூத்துக்குடி ஆட்கள் தொட்டியிலேயே சிப்பிக் குஞ்சு பொரிக்கவைத்தார்கள். கடல் போட்ட பூட்டைக் கள்ளச்சாவி போட்டுத் திறந்த மாதிரி.

இப்படி ஒரு வித்தை கைக்கு வந்தால் அதில் ஒரு மேற்படிப்பு தொடங்குவதுதானே முறை? தொடங்கினார்கள். 1979-இல், ஐ.நா. உதவியோடு, கடல்வளர்ப்பில் முதுகலையும் ஆராய்ச்சிப் பட்டமும். இடம், கொச்சி. பட்டம் தந்தது கொச்சிப் பல்கலைக்கழகம். நிறுவனத்தின் தலைமையகம் அங்கே, அதனால் படிப்பும் அங்கே, கேட்டால் நியாயமாகத்தான் பதில் சொல்வார்கள். 1578-இல் கொல்லத்துக்காரரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

குறை சொல்லியே பழகிவிட்டோம் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக, ஹென்றிக்கஸின் கோரிக்கையை இன்றைய படிவத்தில் திருத்தமாக எழுதி, ஒரே ஒரு இடத்தை மட்டும் போட்டு, ஒரு பிரதி எடுத்துவைத்திருக்கிறேன். படிப்பின் பெயர் எம்.ஏ. தமிழ். இடம் புன்னைக்காயல். விண்ணப்பதாரர் தற்போது வசிக்கும் முகவரி என்ற கட்டத்தில்தான் எழுத்தர் ஆட்சேபம் எழுப்புவார் என்று நினைக்கிறேன். அவர் 1600-இல் காலமாகி, தூத்துக்குடி மாதா கோவிலில் அடக்கமாகியிருக்கிறார்.

அந்தப் படிப்பு வேண்டும் என்கிற புன்னைக்காயல் பிள்ளை இன்றைக்கும் காலையில் பஸ் ஏறித்தான் ஆகவேண்டும்.